இரண்டாவது ரிமோட் யார் கையில்?



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், டீவி கேம் விளையாடிக்கொண்டிருந்த நானாவிடம் போய், "எனக்கும் தாங்க" என்று அடம்பிடித்ததுண்டா? அவரும் இரண்டாவது ரிமோட்டை எடுத்து உங்கள் கையில் தந்து, "சரி சரி, நீயும் விளையாடு" என்று சொன்னதுண்டா? நீங்களும் கண் இமைக்காமல் பட்டன்களை அமுக்கி அமுக்கி, திரையில் ஓடித் திரிவது நம்முடைய ஆள்தான் என்று நம்பி உள்ளம் பூரித்துப் போனதுண்டா?

அப்படியென்றால் நீங்களும் என்னைப் போல ஏமாந்தவர்தான். அந்த ரிமோட் வேலை செய்யவே இல்லை! நானா தெரிவு செய்திருந்தது ஒருவர் மட்டும் விளையாடும் ஆட்டம். நம் கையில் இருந்தது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

எனக்கு அப்போது 9 வயது. வருடம் 1994. கிளிநொச்சி மாவட்டம் பூநகரிப் பக்கத்திலுள்ள நாச்சிக்குடாதான் எங்கள் ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களோடு எங்கள் குடும்பமும் புறப்பட்டு வந்து, புத்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் குடியிருந்தது. அங்கே மின்சாரம் கிடையாது. ஆனால் சாச்சியின் வீடு டவுனில். அங்கே மின்சாரம் இருந்தது, கலர் டீவி இருந்தது, சாச்சா சவூதியிலிருந்து கொண்டு வந்த டீவி கேம் பெட்டியும் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் நானாவும் நானும் அங்கேதான் கிடப்போம்.

அந்தப் பெட்டியில் செருகும் கசட்டுகளில் ஒன்று எங்களுக்கு உயிர். அதன் உண்மையான பெயர் வெகு காலத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் வைத்த பெயர் 'குமிழிக் கேம்'. குட்டையாய், கொழுகொழுவென்று இரண்டு டிராகன் குட்டிகள். ஒன்று பச்சை, மற்றது நீலம். டிராகன் என்றால் நெருப்பைக் கக்க வேண்டாமா? இவை வாயால் சவுக்காரக் குமிழி ஊதும்! எதிரே வரும் பூதங்கள் குமிழிக்குள் மாட்டிக்கொண்டு மிதக்கும். ஓடிப் போய் அந்தக் குமிழியை உடைத்தால் பூதம் உருண்டு விழுந்து ஒரு பழமாக மாறிவிடும். இரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. மிச்சம் இருப்பது பழம்தான். அதை முதலில் எடுப்பது யார் என்பதுதான் சண்டை.

அந்தப் பழத்தை ஒரு நாளும் நான் எடுத்ததில்லை. எப்படி எடுப்பது? என் ரிமோட்தான் செத்த ரிமோட் ஆயிற்றே! நீலக் குட்டி எங்கே என்று கேட்டால், "அது நித்திரை" என்பார் நானா.

பல வெள்ளிக்கிழமைகள் கழித்து நானா ஒரு வழியாகக் கடைசிக் கட்டத்தையும் முடித்தார். சாச்சியின் பிள்ளைகள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். ஆனால் எதிர்பார்த்த சந்தோஷ முடிவு வரவில்லை. நானா திரையில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தார். இது சரியான முடிவு இல்லையாம். தனியாக வந்தால் போதாதாம், தோழனையும் கூட்டி வர வேண்டுமாம்!

நானா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டு, இரண்டு பேர் விளையாடும் ஆட்டத்தைத் தெரிவு செய்தார். என் கையில் இருந்த அதே ரிமோட், அன்றுதான் முதன்முதலாக உயிர் பெற்றது. நீலக் குட்டி நித்திரையை விட்டு எழும்பியது.

இப்படி ஒரு பிள்ளையைத் தனியாக ஜெயிக்க விடாத விளையாட்டை யார் செய்திருப்பார்கள் என்று பெரியவளான பிறகு தேடிப் பார்த்தேன். அதைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

* * *

விளையாட்டின் பெயர் 'பபிள் பொபிள்'. டிராகன் குட்டிகளின் பெயர்கள் பப், பொப். ஜப்பானில் டைட்டோ என்ற நிறுவனம் 1986 இல் இதை வெளியிட்டது. அப்போது அது வீட்டு விளையாட்டு அல்ல. அலுமாரி அளவு பெட்டிக்குள் திரையை வைத்து, காசு போட்டால் ஆடவிடும் கடை இயந்திரம். இதை வடிவமைத்தவர் ஃபுகியோ மிட்சுஜி. 2008 டிசெம்பரில், 50 வயதை எட்டுவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அந்நாளில் ஜப்பானில் இத்தகைய இயந்திரங்கள் வைத்திருந்த கடைகளில் ஆண்கள் கூட்டம்தான். சுட்டுத் தள்ளும் விளையாட்டுகள், பந்தய விளையாட்டுகள் என்று எல்லாமே அவர்களுக்காக. பெண்கள் உள்ளே வர மாட்டார்கள். அவர்களும் வர வேண்டும், ஜோடியாக வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று விளையாட வேண்டும் என்று மிட்சுஜி விரும்பினார். பெண்களுக்கு எது பிடிக்கும் என்று யோசித்தபோதுதான் குமிழி அவருடைய மனதில் தோன்றியதாம். (பெண்களுக்குக் குமிழி பிடிக்கும் என்று இவருக்கு யார் சொன்னதோ! சட்டி பானை கழுவும்போது பார்க்கிற நுரை நமக்குப் போதாதா?) இவருக்கு முன்பே, 1980 இல் 'பக்மேன்' விளையாட்டைச் செய்த டோரு இவாட்டானியும் இதே எண்ணத்தோடுதான் சாப்பிடுவதை விளையாட்டாக்கினார். டீவி கேம் என்றால் ஆண் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிப் போகிறோமே, இந்த இரண்டும் பெண்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை என்றால் பாருங்களேன்!

மிட்சுஜி செய்த கெட்டிக்காரத்தனம் இரண்டு பேர் விளையாடலாம் என்று வைத்தது மட்டும் அல்ல. அப்படி வேறு விளையாட்டுகளும் இருந்தன. இதில் ஒருவர் ஊதிய குமிழியில் மற்றவர் ஏறி மிதித்து மேலே போகலாம். ஒருவர் சிறைப்பிடித்த பூதத்தை மற்றவர் உடைக்கலாம். ஒன்றொன்றாக உடைப்பதைவிட, நாலைந்து பூதக் குமிழிகளை ஒரே இடத்தில் சேர்த்து ஒரே தடவையில் உடைத்தால் புள்ளிகள் இரட்டித்துக்கொண்டே போகும். அதற்குப் பொறுமை வேண்டும், "இப்ப உடைக்காதே, கொஞ்சம் பொறு" என்று பேசிக்கொள்ள வேண்டும். அதிக நேரம் பொறுத்தாலோ, பூதம் குமிழியைப் பிய்த்துக்கொண்டு முன்னிலும் கோபமாக வெளியே வந்துவிடும். நூறு கட்டங்களைத் தாண்டி வந்தாலும், தனியாக வந்தவருக்கு அந்த இயந்திரம் நல்ல முடிவைக் காட்டாது.

நம் கல்யாண வீட்டுச் சஹன் ஞாபகம் வருகிறதா? ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சாப்பிடுகிறோம். தட்டு ஒன்று, ஆனால் அவரவர் பக்கம் அவரவருக்கு. பக்கத்தில் இருப்பவருக்கு இறைச்சித் துண்டு எட்டவில்லை என்றால் நாமே அந்தப் பக்கம் தள்ளி வைப்போம். சில பேர் தள்ள மாட்டார்கள், அது வேறு கதை! இந்த விளையாட்டும் ஏறத்தாழ அப்படித்தான். திரை ஒன்று, பழங்கள் பொது. நீலக் குட்டிக்கு எட்டாத மூலையில் கிடக்கும் பழத்தைப் பச்சைக் குட்டி விட்டுக் கொடுக்கிறதா, பறித்துக்கொண்டு ஓடுகிறதா என்பதை உம்மா ஒருத்தி பக்கத்தில் இருந்து பார்த்தால், பிள்ளையின் குணம் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

* * *

கடை இயந்திரத்து விளையாட்டு நம் வீட்டு டீவிக்கு எப்படி வந்தது? அப்படியே தூக்கி வைக்க முடியாது. கல்யாணத்துக்குத் தேக்சாவில் ஆக்கும் புரியாணியை வீட்டுச் சட்டியில் ஆக்குவது போன்ற வேலை இது. அளவும் குறைய வேண்டும், ருசியும் மாறக் கூடாது.

கடை இயந்திரத்துக்குள் இருந்தவை மூன்று செயலிகள். அதாவது கணக்குப் போடும் மூளைகள் மூன்று. நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகொம் என்ற வீட்டுப் பெட்டிக்கோ ஒரே ஒரு மூளைதான். அது வேலை செய்யும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளும் இடம் 2 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் 2 மெகாபைட் என்றால், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு! இதற்குள் பூதம், பழம், குமிழி, இரண்டு குட்டிகள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும்.

அடக்கினார்கள். ஃபேமிகொமுக்கான தட்டில் 1987 ஒக்டோபர் 30 அன்று ஜப்பானிலும், 1988 இல் கசட்டாக அமெரிக்காவிலும் அது வெளிவந்தது. பபிள் பொபிளின் ஒவ்வொரு கட்டமும் ஒரே திரைக்குள் முடிந்துவிடுவதால் இது சாத்தியமானது. பின்னணி ஓடுவதில்லை, நகர்வதில்லை. குறை இல்லாமலும் இல்லை. அந்தப் பெட்டியால் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டுச் சிறு உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. குமிழிகள் ஒரே வரிசையில் கூடிவிட்டால் சில உருவங்கள் மின்னி மின்னி மறையும். எங்கள் உம்மும்மா டீவிதான் கெட்டுவிட்டது என்று எண்ணி அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவா. அதே நேரம் பார்த்துக் குமிழிகளும் கலைந்து படம் சரியாகிவிடும். "பார்த்தீங்களா, நான் தட்டினதுக்குப் பிறகுதான் சரி" என்று அவவுக்கு ஒரே பெருமை!

கடையில் காசு போட்டு விளையாடுகிறவரை அடுத்த காசைப் போட வைப்பதுதான் வியாபாரம். வீட்டில் அந்தத் தேவை இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு பிரச்சினை. பாங்கு சொல்லிவிடும், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்குப் பள்ளிக்கூடம். பெட்டியை நிறுத்தத்தானே வேண்டும்? அதனால் அமெரிக்கக் கசட்டில் ஐந்து ஆங்கில எழுத்துகளைக் காட்டும் ஏற்பாடு செய்தார்கள். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை அதே கட்டத்திலிருந்து தொடரலாம்.

இவ்வளவையும் சுருக்கியவர்கள் ஒன்றை மட்டும் சுருக்கவில்லை. இரண்டு பேர் வந்தால்தான் நல்ல முடிவு என்ற பிடிவாதம் வீட்டுக்கும் சேர்ந்தே வந்தது. அதற்கு ஏற்றாற்போல ஃபேமிகொம் பெட்டியும் அமைந்திருந்தது. பிள்ளைகள் ரிமோட் என்று சொல்லும் அந்தக் கைப்பிடிகள் அதில் ஒன்றல்ல, இரண்டு. கழற்றவே முடியாதபடி வயரோடு பெட்டியிலேயே பொருத்தி விற்றார்கள். வாங்கும்போதே இரண்டாவது ஆளுக்கும் இடம் போட்டுத்தான் பெட்டி வீட்டுக்கு வந்தது.

நம் பக்கத்து வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் நின்டெண்டோவின் அசல் அல்ல. அதைப் பார்த்து வேறு நிறுவனங்கள் செய்த நகல்கள். தைவானில் செய்த 'மைக்ரோ ஜீனியஸ்' அவற்றில் பேர்போனது. மத்திய கிழக்குக் கடைகளில் அது நிறைய விற்றது. கசட்டின் மேல் '9999999 விளையாட்டுகள்' என்று அச்சடித்திருக்கும். எண்ணிப் பார்த்தால் ஐந்தோ ஆறோதான் தேறும். அதையே திரும்பத் திரும்ப வேறு இலக்கம் போட்டு வைத்திருப்பார்கள்!

* * *

நாங்கள் புத்தளத்தில் குமிழி ஊதிக்கொண்டிருந்த அதே வருடங்களில் கிளிநொச்சியில் இருந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

என் பக்கத்து வீட்டு அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சொல்லித்தான் எனக்குப் பல விஷயங்கள் தெரியும். 1990 இல் போர் திரும்பத் தொடங்கிய பிறகு வன்னியில் மின்சாரம் இல்லை. டோர்ச் பற்றரிகூடத் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்ட காலம். டீவியே எப்போதாவது ஜெனரேட்டரில் ஓடினால்தான். டீவி கேமுக்கு எங்கே போவது? 1996 இல் நகரம் ஒரு கைக்குப் போனது, 1998 இல் மறு கைக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் சனம் மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்தது. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தது. பிறகு திரும்பவும் போர். 2009 ஜனவரி 2 அன்று இராணுவம் நகரைப் பிடித்தபோது, விழுத்தப்பட்டுக் கிடந்த அந்தப் பெரிய தண்ணீர்த் தாங்கியைப் படத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். யாழ்தேவி இரயில் திரும்பவும் இங்கே வந்தது 2013 செப்டெம்பரில்.

நாங்கள் திரும்பி வந்தது 2011 இல். என் கணவர் நகரில் ஒரு சிறு கடை வைத்தார். வந்து பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான். மற்ற ஊர்களில் டீவி கேம் வந்து, பிறகு கம்பியூட்டர் வந்து, கடைசியாகக் கைபேசி வந்தது. இங்கே ஒன்றுமே இல்லாமல் இருந்து நேரே கைபேசி வந்துவிட்டது. இரண்டு பேர் ஒரு திரைக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, முழங்கையால் இடித்துக்கொண்டு விளையாடும் அந்த நடுக்காலம் இந்த ஊருக்குக் கிடைக்கவே இல்லை. இன்றைய உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் விளையாட்டு என்றால் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தனியாகச் செய்யும் காரியம்தான். பறிப்பதா, கொடுப்பதா என்ற இரண்டு வழிதான் அவர்களுக்குத் தெரிகிறது. நானும் பறித்துப் பார்த்தவள்தான். மூத்தவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது நாள், கொழும்பிலிருந்து என் கணவர் ஒரு பெட்டி வாங்கி வந்தார். கைவிரல் அளவுதான். டீவியின் பின்னால் செருக வேண்டும், வயர் இல்லாத இரண்டு ரிமோட்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கசட் விளையாட்டுகள் எல்லாம் அதற்குள் அடக்கம். பட்டியலில் தேடிக்கொண்டே போனேன். பச்சைக் குட்டியைக் கண்டதும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது, சிரிக்காதீர்கள்!

முதலில் மூத்தவன் முகத்தைச் சுளித்தான். "என்ன உம்மா, இவ்வளவு பழைய படம்?" ஐந்தாவது கட்டத்துக்கு வருவதற்குள், "அந்தப் பழத்தை விடுங்க, அது என்ட!" என்று கத்தத் தொடங்கிவிட்டான். இளையவள் என் மடியில் ஏறி, "எனக்கும் தாங்க, எனக்கும் தாங்க" என்றாள். மூத்தவன் என்ன செய்தான் தெரியுமா? ஒருவர் விளையாடும் ஆட்டத்தைப் போட்டுவிட்டு, இரண்டாவது ரிமோட்டை அவளிடம் நீட்டினான்! இந்த வித்தையை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. நானாமார் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு பிறக்கிறார்கள் போலிருக்கிறது. ரிமோட்டை வாங்கி, ஆட்டத்தை மாற்றிக் கொடுத்தேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா மோர் மிளகாய் கொண்டு வந்தா. "தங்கச்சி, இதை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தவ, மஃரிபு மட்டும் எழும்பவில்லை. முதல் அரை மணி நேரம் குமிழியை ஊதாமல் சுவரில் போய் முட்டிக்கொண்டே இருந்தா. பிறகு திடீரென்று மூன்று பூதங்களைச் சேர்த்து உடைத்துவிட்டு, கையைத் தட்டிச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நாற்பது வயது தாண்டிய அக்காவை நான் அப்படிப் பார்த்ததில்லை.

* * *

நீங்களும் முயன்று பார்க்க விரும்பினால் சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பூதங்களில் ஒரு வகை குடிகாரப் பூதம். போத்தலை எறியும். கடைசிக் கட்டத்தில் வரும் பெரிய எதிரியும் ஒரு மாபெரும் குடிகாரன்தான். மறைத்து என்ன, என் பிள்ளைகள் கேட்டார்கள், "குடிகாரன்தான் எதிரி" என்று சொன்னேன். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அதே போல, ஒரு கட்டத்தில் மெத்தனமாக நின்றுகொண்டிருந்தால் வெள்ளை மண்டையோடு ஒன்று துரத்திக்கொண்டு வரும். அதைக் குமிழியால் பிடிக்க முடியாது. மிகவும் சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள். இளையவள் முதல் நாள் என் முந்தானைக்குள் ஒளிந்துவிட்டாள். இப்போது அதைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள்.

அசலே வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. நின்டெண்டோ 2016 இல் தன் பழைய பெட்டியைச் சிறியதாகச் செய்து 30 விளையாட்டுகளோடு வெளியிட்டபோது, பபிள் பொபிளும் அவற்றில் ஒன்று. 2019 இல் வந்த 'பபிள் பொபிள் 4 ஃபிரெண்ட்ஸ்' என்பதில் நான்கு பேர் சேர்ந்தே விளையாடலாம். ஆனால் இதற்காகக் கடன் பட வேண்டாம். எங்கள் வீட்டில் இருப்பதைப் போன்ற மலிவான பெட்டியும் போதும். வாங்கும்போது இரண்டாவது ரிமோட் வேலை செய்கிறதா என்பதைக் கடையிலேயே பரீட்சித்துப் பாருங்கள்.

நாங்கள் இன்னும் முடிக்கவில்லை. வாரத்தில் இரண்டு பின்னேரம், ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அனுமதி. கரண்ட் வேறு இடையிடையே போகும். நேற்று 31 ஆவது கட்டத்தில் நிறுத்தினோம். ஐந்து எழுத்தையும் இளையவள்தான் தன் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். நானாவிடம் காட்ட மாட்டாளாம். அவள் இல்லாமல் அவன் தொடங்கிவிடுவானாம்.